மழைமானிக் கணக்கைத் திறந்த தரவாக வெளியிடுவது எப்படி?

மாவட்ட மழைமானி நிலையங்களின் தினசரிக் கணக்கு எக்செல் கோப்புகளாகக் கிடக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்து ஆளும்படி வெளியிட வேண்டும். அண்மையில் ஓர் அலுவலகத்துக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன். எக்செல்லில் கை பழகியிருந்தால் போதும்.

எந்த வடிவத்தில் வெளியிடுவது என்பதை முதலில் முடித்துவிடலாம். திறந்த தரவுக்கு, உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2010-இல் ஐந்து நட்சத்திர அளவுகோல் ஒன்றைச் சொன்னார். திறந்த உரிமத்தோடு பிடிஎஃப் போட்டால் ஒரு நட்சத்திரம், எக்செல் இரண்டு, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) மூன்று. நான்காவதும் ஐந்தாவதும் இணைப்புத் தரவு, அதாவது வலை முகவரிகளால் பிற தரவுகளோடு இணைத்த தரவு, சார்ந்தவை. மூன்றோடு நில்லுங்கள். ஐந்துக்கு ஆசைப்பட்டு ஒன்றுமே வெளியிடாமல் போன திட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

1. அட்டவணையைப் பிரித்துப் போடுங்கள்

அலுவலகப் படிவம் அச்சடித்துக் கையொப்பமிடுவதற்காக உருவானது. மேலே மூன்று வரித் தலைப்பு, ஒன்றிணைத்த கட்டங்கள், குறுக்கே 1 முதல் 31 வரை நாள்கள், ஓரத்தில் மொத்தம். இவை எல்லாம் போக வேண்டும். ஒரு வரிசையில் ஒரு நிலையம், ஒரு நாள், ஓர் அளவு, அவ்வளவுதான். ஓப்பன் ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் நெடுவரிசைகளை வரிசைகளாக மாற்றும் கட்டளை இருக்கிறது. கையால் வெட்டி ஒட்டாதீர்கள். பிடிஎஃப் மட்டுமே கையில் இருந்தால் டேபுலா என்ற மென்பொருள் அட்டவணையைப் பிரித்தெடுத்துத் தரும். ஆனால் ஸ்கேன் செய்த படமாக இருந்தால் அதனால் பயனில்லை.

வெற்றுக் கட்டத்தையும் சுழியத்தையும் கலக்க வேண்டாம். மழை பெய்யவில்லை என்றால் 0. மானியைப் பார்க்கவில்லை என்றால் வெற்றிடம். கோடு, ‘இல்லை’, ‘நில்’ (nil) என்று பலரும் பலவிதமாக நிரப்பியிருப்பார்கள். எது எந்தப் பொருளில் வந்தது என்று கணக்கு எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

2. எழுத்துரு

என்னை அதிகம் படுத்தியது இந்தப் படிதான். பழைய கோப்புகளில் நிலையப் பெயர்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். எக்செல்லில் ‘காயல்பட்டினம்’ என்று அழகாகத் தெரியும். சிஎஸ்வி-யாகச் சேமித்துத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளுமாகக் கொட்டும். சிஎஸ்வி-யில் எழுத்துரு என்ற தகவலே கிடையாது என்பதால், உள்ளே உண்மையில் இருந்த எழுத்துகள் வெளியே வந்துவிடுகின்றன. தமிழக அரசு 2010-லேயே, எழுத்துக்கு எழுத்து உலகப் பொது எண் தரும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளுக்குத்தான் அந்தச் சேதி எட்டவில்லை.

ஆகவே சேமிப்பதற்கு முன்பே எந்த எழுத்துரு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை யூனிகோடாக்கும் மாற்றியில் தமிழ் உள்ள நெடுவரிசையை மட்டும் கொடுங்கள். கோப்பு முழுவதையும் கொடுத்தால் அதிலுள்ள ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாகிவிடும்.

மாற்றிய பிறகும் ஒரு வில்லங்கம் மிச்சம் இருக்கும். ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கு அவை வேறு வேறு ஊர்கள். இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது கொடைக்கானல் மட்டும் காணாமல் போனால் இதுதான் காரணம். பைத்தான் நிரல்மொழியுடன் வரும் யூனிகோட் தொகுதியில் என்எஃப்சி சீராக்கம் (இரண்டு குறிகளையும் ஒரே குறியாக்குவது) செய்தால் சரியாகிவிடும். ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டியிருந்தால் மட்டும் கண்ணால்தான் தேட வேண்டும்.

3. நாளும் குறியீடும்

நாளை 2023-12-18 என்ற வடிவில் எழுதுங்கள். 04/05 என்று எழுதினால் மே நான்கா, ஏப்ரல் ஐந்தா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும். எக்செல் தானாகவே தேதிகளை மாற்றும் பழக்கம் உள்ளது. 4/12 என்ற கதவு எண்ணைக்கூடத் தேதியாக்கிவிடும். அதனால் இந்த வேலைக்கு எனக்கு லிப்ரே ஆபிஸ் கால்க்தான் பிடிக்கும். சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போதே என்ன குறியாக்கம் (எழுத்துகளைச் சேமித்த முறை), எந்த நெடுவரிசை வெறும் எழுத்து என்று கேட்டுவிடும்.

ஊர்ப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒருவர் தூத்துக்குடி என்பார், இன்னொருவர் டூட்டிகொரின் என்பார். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவில் மாவட்டம் முதல் கிராமம் வரை குறியீட்டு எண்கள் இருக்கின்றன. பெயரோடு அதையும் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. தென்காசி 2019-இல் பிரிந்த பிறகு திருநெல்வேலி என்பது பழைய நிலப்பரப்பு அல்ல. எந்த எல்லையின்படி தொகுத்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

4. மீதரவு

தரவைப் பற்றிய இந்த விவரக் குறிப்பைப் பலர் தலைப்போடும் தேதியோடும் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. 2023 டிசம்பர் 18 அன்று காயல்பட்டினத்தில் 946 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்தத் தேதிக்கு எதிரே உள்ள எண், முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேர மழை. இது எழுதப்படாவிட்டால், 17-ஆம் தேதி வெள்ளத்தை ஆராய்பவர் 18-ஆம் தேதி மழையோடு மல்லுக்கட்டுவார். செய்தித்தாள்கள் அதையே 95 சென்டிமீட்டர் என்று போட்டன. ஆகவே அலகும் முக்கியம்.

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், அலகு, வெற்றிடத்தின் பொருள் ஆகியவற்றை எழுதுங்கள். கோப்பு முழுமைக்கும் வெளியிடுபவர், காலப்பகுதி, எவ்வளவு நாளுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, பதிப்பு எண், உரிமம் ஆகியவை வேண்டும். தொடர்புக்கு அலுவலரின் பெயரைப் போடாமல் பதவியைப் போடுங்கள்; ஆள் மாறுவார். உரிமத்துக்கு 2017-இல் வந்த இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் பொருந்தும்; மூலத்தைக் குறிப்பிட்டு வணிக நோக்கிலும் பயன்படுத்த அது இடம் தருகிறது. ஆனால் அதைத் தரவுக்குச் சொந்தமான அலுவலகம்தான் அறிவிக்க வேண்டும், உதவிக்குப் போன நீங்கள் அல்ல.

இவற்றை முதலில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதிவிட்டு, பிறகு ஃப்ரிக்‌ஷன்லெஸ் டேட்டா பேக்கேஜ் என்ற மீதரவு முறையில், கணினி படிக்கும் ஜேசன் கோப்பாக்குங்கள். டிகேட் (DCAT) என்ற மீதரவுத் தரம் இதைவிட விரிவானது, தரவுத் தளங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவுவது. ஒற்றைக் கோப்புக்கு அதில் தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

5. வெளியீடு

ஒருமுறை கொடுத்த முகவரியை மாற்றாதீர்கள். திருத்தம் வந்தால் பதிப்பு எண்ணை உயர்த்தி, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதிவிட்டு, பழைய கோப்பையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை: சிஎஸ்வி-யை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் தமிழ் சிதைகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். கோப்பு யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் குறியாக்கம்) என்பதை எக்செல் உணர்வதில்லை. தொடக்கத்தில் பைட் வரிசைக் குறி என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்த்தால் சரியாகும். ஆனால் சில நிரல்கள் அந்தக் குறியை முதல் நெடுவரிசைப் பெயரோடு ஒட்டிப் படித்து, ‘அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை’ என்று அடம்பிடிக்கும். நான் குறியில்லாத சிஎஸ்வி-யையும், எக்செல்காரர்களுக்கென்று அதே தரவின் எக்செல் கோப்பையும் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டும் ஒரே நிரலிலிருந்து உருவாகட்டும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவது எளிது.