பாவித்த சைக்கிளுக்கும் சைக்கிள் சாமான்களுக்கும் நியாயமான விலை வைப்பது எப்படி?

கொழும்பில் பாவித்த சைக்கிள் ஒன்றை இணையத்தில் விற்க முனைபவர்கள் பெரும்பாலும் வாங்கியபோது கிடைத்த பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து, அதிலுள்ள தொகையில் கொஞ்சத்தைக் கழித்து விலை வைக்கிறார்கள். விலைகள் நிதானமாக ஏறி இறங்கும் காலத்தில் இந்த வழி ஓரளவுக்கு ஒத்துவரும். இலங்கையின் கடந்த சில ஆண்டுகளுக்கு இது சற்றும் ஒத்துவராது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டிவிட்டது. ஆகவே அதற்கு முன்பு வாங்கிய இறக்குமதிச் சைக்கிளின் பற்றுச்சீட்டிலுள்ள தொகைக்கு இன்று அதே தரத்தில் இன்னொன்றை வாங்க முடியாது. அதே ஆண்டின் நடுப்பகுதியில், பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய், கடைக்காரர் சொன்ன விலைக்கே சைக்கிளை எடுத்தவருடைய பற்றுச்சீட்டிலோ, சைக்கிளின் பெறுமதியோடு அந்த நாட்களின் அந்தரமும் சேர்ந்திருக்கும். முதலாமவர் பற்றுச்சீட்டை நம்பினால் தானே நட்டப்படுவார். இரண்டாமவர் நம்பினால் விளம்பரம் மாதக்கணக்கில் கிடக்கும். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அது வேறொரு வேலைக்குத் தேவைப்படும். விலை வைக்கும்போது அதைப் பார்க்க வேண்டாம்.

விலைக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டியவை இரண்டு தொகைகள். இதே தரத்திலான புதிய சைக்கிள் இன்று கொழும்புக் கடையில் என்ன விலை என்பது ஒன்று. வாங்குபவர் வீட்டுக்குக் கொண்டுபோன முதல் மாதத்தில் இதற்கென்று எவ்வளவு செலவழிக்க நேரும் என்பது மற்றொன்று. முதலாவதில் வயதுக்கேற்ற பங்கை எடுத்து, அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் நியாயமான விலை.

இன்றைய புது விலையைக் கண்டுபிடித்தல்

புறக்கோட்டையிலுள்ள சைக்கிள் கடைகளுக்கோ இறக்குமதி முகவர்களுக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும். உங்களுடைய மொடல் இப்போது வருவதில்லை என்றால், பெயரை விட்டுவிட்டுப் பாகங்களை ஒப்பிட வேண்டும். ஷிமானோ நிறுவனத்தின் கியர் தொகுதிகளில் மலைப்பாதைச் சைக்கிளுக்கு டூர்னி, ஆல்டஸ், அசெரா, டியோரே என்ற வரிசையிலும், ரேஸ் சைக்கிளுக்கு கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105 என்ற வரிசையிலும் தரமும் விலையும் ஏறிச்செல்கின்றன. பிறேம் இரும்பா, அலுமினியமா, கார்பனா, பிறேக் ரிம்மைப் பிடிப்பதா, டிஸ்க்கா, டிஸ்க் என்றால் கேபிளில் இயங்குவதா, எண்ணெயில் இயங்குவதா என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இன்று கடையில் நிற்கும் எந்தச் சைக்கிள் உங்களுடையதற்கு இணையானது என்பது தெளிவாகிவிடும். ஜப்பானில் பாவித்து இங்கே இறக்குமதியான சைக்கிள்களுக்குப் புது விலை தேடிப் பயனில்லை. அவற்றை விற்கும் கடைகள் இன்று கேட்கும் விலையே அவற்றுக்கு அளவுகோல்.

இக்மன் தளத்திலும் ஃபேஸ்புக் மார்க்கெட் பிளேஸிலும் உள்ள விளம்பரங்களைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அங்கே நீங்கள் காண்பவை கேட்கும் விலைகளே ஒழிய விற்ற விலைகள் அல்ல. சரியான விலை போட்ட சைக்கிள் இரண்டு மூன்று நாளில் போய்விடும், அதன் விளம்பரமும் அகற்றப்பட்டுவிடும்; கூடுதலாகப் போட்டது மட்டும் வாரக்கணக்கில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, எந்த நேரத்திலும் தளத்தில் எஞ்சியிருக்கும் விலைகளின் சராசரி உண்மையான சந்தை விலையைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். நீங்கள் விளம்பரம் போடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே உங்களுடையதைப் போன்ற நாலைந்து விளம்பரங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அவற்றில் எவை மறைந்தன என்று பார்த்தால் இதைவிட நல்ல தகவல் கிடைக்கும்.

வயதுக்கேற்ற பங்கைப் பொறுத்தவரை, ஒரு வருடத்துக்குள் வாங்கி, அதிகம் ஓடாமல், பற்றுச்சீட்டோடு இருக்கும் சைக்கிளுக்கு இன்றைய புது விலையின் 70 முதல் 75 சதவீதம். மூன்று நான்கு வருடம் ஒழுங்காகப் பராமரித்ததற்கு 50 முதல் 55. அதற்கும் பழையதற்கு 35 முதல் 40 என்பதே நான் கையாளும் கணக்கு. இதைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. லுமாலா போன்ற உள்ளூர்ச் சைக்கிள்கள் இதைவிடக் குறைவாகவே பெறுமதி இழக்கும், ஏனென்றால் எந்த ஊரிலும் எந்த மெக்கானிக்கும் அவற்றைத் திருத்துவார், சாமானும் சந்திக்குச் சந்தி கிடைக்கும். உயரமானவர்களுக்கான பெரிய பிறேம் உள்ள விலையுயர்ந்த ரேஸ் சைக்கிளுக்கு இது நேர்மாறு: வாங்கக்கூடியவர்கள் இந்த நகரத்தில் மிகச் சிலர், அவர்களில் ஒருவர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், அல்லது விலையில் இறங்க வேண்டும்.

வாங்குபவருக்கு வரப்போகும் செலவு

பெரும்பாலான விற்பனைகள் குழம்புவது இங்கேதான். “நல்ல கண்டிஷன்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அளந்து எழுதுபவர் அரிது. செயினை அளப்பதற்கு ஓர் அடிமட்டம் போதும். சைக்கிள் செயினின் ஒரு முழுக் கண்ணி சரியாக ஓர் அங்குலம். எனவே ஒரு பின்னின் நடுவில் அடிமட்டத்தின் பூச்சியத்தை வைத்து, செயினை இறுக்கிப் பிடித்துப் பார்த்தால், புதுச் செயினில் 12 அங்குலக் கோட்டின் மேல் இன்னொரு பின்னின் நடு வந்து நிற்கும். அந்தப் பின் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தின் 16இல் ஒரு பங்கு தள்ளி நின்றால் செயின் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது. 8இல் ஒரு பங்கு தள்ளி நின்றால், அந்தச் செயின் கசெட் எனப்படும் பின்சில்லுப் பற்சக்கரத் தொகுதியையும் தேய்த்திருக்கும் என்று கொள்ளலாம். செயினை மட்டும் மாற்றினால் பழைய பற்களில் அது வழுக்கும். இந்த அளவைப் படமெடுத்து விளம்பரத்தில் போடுபவரிடம் வாங்குபவர் விலை பேசும் தொனியே வேறாக இருக்கும்.

பிறேக்கையும் அப்படியே பார்க்க வேண்டும். ஷிமானோ டிஸ்க் தகட்டின் தடிப்பு 1.5 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அதை மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். ரிம் பிறேக் என்றால், பிறேக் கட்டை உரசும் ரிம்மின் பக்கத்தில் விரல் நுனியை வைத்துத் தடவுங்கள். உட்குழிவு தட்டுப்பட்டால் அந்தச் சில்லின் ஆயுள் முடியப்போகிறது.

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரைப் பக்கமாக வீடு உள்ளவர்கள், மரைன் டிரைவிலும் காலி முகத்திடலிலும் வழக்கமாக ஓடுபவர்கள், உப்புக் காற்றின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில்லுக் கம்பிகள் ரிம்மோடு பொருந்தும் இடம், ஹாண்டில் போல்ட்டுகளின் தலை, கேபிள் நுழையும் வாய் ஆகிய இடங்களில்தான் துரு முதலில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்றும் உண்டு. இரும்புப் பிறேமுக்குள் இருக்கும் அலுமினியச் சீற் தண்டு, அசைக்காமல் வருடக்கணக்கில் விட்டால், உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே பிடித்துக்கொள்ளும். தண்டின் இப்போதைய உயரத்தை ஒரு துண்டு டேப்பால் அடையாளமிட்டு, போல்ட்டைத் தளர்த்தி, தண்டு மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் உங்களுடைய உயரம் உள்ளவருக்கு மட்டும்தான் அந்தச் சைக்கிள் பொருந்தும்; அதைக் கழற்றிக் கொடுக்கும் மெக்கானிக்கின் கூலியையாவது விலையில் குறைத்தாக வேண்டும். அலுமினியப் பிறேமில் ஒட்டுகளின் ஓரத்தில் மயிரிழைபோல ஒரு கோடு தெரிந்தாலோ, கார்பன் பிறேமில் பெயின்ட் வெடித்திருந்தாலோ, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டாமல் முழுச் சைக்கிளாக விற்க வேண்டாம். விரிசல்தான் என்று உறுதியானால் பாகங்களைத் தனித்தனியாக விற்பதே முறை.

ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். நான்கு வருடம் ஓடிய ஒரு ஹைபிரிட் சைக்கிளுக்கு இணையான புதியது இன்று 180,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 55 சதவீதம் என்றால் 99,000. செயினும் கசெட்டும் மாற்ற 16,000, பிறேக் கட்டைகளுக்கு 4,000, கேபிள்களுக்கும் கூலிக்கும் 6,000 என்று கடையில் சொல்கிறார்கள், மொத்தம் 26,000. மிஞ்சுவது 73,000. ரயர்கள் பாதி தேய்ந்திருப்பதற்காக மேலும் கழிக்க வேண்டியதில்லை, அந்த வயதுச் சைக்கிளில் அது எதிர்பார்க்கப்படுவதுதான், 55 சதவீதத்துக்குள் அது அடங்கிவிட்டது. பேரம் பேச இடம் விட்டு விளம்பரத்தில் 79,000 என்று போடலாம். 70,000க்குக் கீழே கொடுப்பதில்லை என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

விற்பதற்கு முன்பு இந்த வேலைகளையெல்லாம் நீங்களே செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். செலவழித்த தொகை விலையில் திரும்பி வரும், அதற்குமேல் வராது, அலைச்சல் உங்களுடையதாகிவிடும். ஆனால் வாங்க வருபவர் ஓடிப் பார்ப்பதைத் தடுக்கும் எதையும், ஓட்டை ரியூப், பிடிக்காத பிறேக் போன்றவற்றை, கட்டாயம் திருத்திவையுங்கள். செயினைக் கழுவி எண்ணெய் விடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை, பலன் அதிகம்.

மேலதிகமாகப் பூட்டிய சாமான்களுக்குப் போட்ட பணம் முழுச் சைக்கிளின் விலையில் ஏறாது என்பதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள். 25,000 ரூபாவுக்கு வாங்கிய சீற் உங்களுடைய இடுப்புக்குப் பொருந்தியது, வாங்குபவருக்கு அது வெறும் சீற். பழைய சீற்றையும் சாதாரணப் பெடல்களையும் திரும்பப் பூட்டி, நல்லவற்றைக் கழற்றித் தனியாக விற்பதே இருவருக்கும் இலாபம். சப்பாத்தில் கொளுவும் பெடலோடு வரும் சைக்கிளை முதன்முதலாக வாங்குபவர் எடுத்தவுடன் ஓடிப் பார்க்கவும் முடியாது.

சைக்கிளைத் தவிர்ந்த சாமான்கள்

தலைக்கவசம் விழுந்து அடிபட்டது என்றால் அதன் விலை பூச்சியம். உள்ளே இருக்கும் நுரைப்பகுதி ஒரு மோதலின் வேகத்தைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்வதற்காக ஆக்கப்பட்டது; வெளி ஓடு பளபளவென்று இருந்தாலும் இரண்டாவது தடவை அது காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. வாரை வெட்டிக் குப்பையில் போடுங்கள், இலவசமாகக்கூடக் கொடுக்க வேண்டாம். அடிபடாதது என்றால், உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் திகதியைப் படமெடுத்துப் போடுங்கள். ஐந்து வருடத்தைத் தாண்டியதை விற்காமல் விடுவது என் வழக்கம்.

சப்பாத்துகளுக்குக் கொழும்பின் புழுக்கம் எதிரி. அலுமாரியில் சும்மா இருந்தவையும் அடிப்பகுதி உதிர்ந்து கழன்றுவிடுவதுண்டு. இரண்டு கைகளாலும் வளைத்துப் பார்த்து, ஒட்டு விடவில்லை என்று உறுதிப்படுத்திய பிறகே விலை வையுங்கள்; புது விலையின் மூன்றிலொரு பங்கு போதுமானது. பாவித்த சைக்கிள் காற்சட்டைகளுக்கு விலை கேட்பது அழகல்ல. ஜேர்சிகளைத் துவைத்து, இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு சிறு தொகைக்குக் கொடுக்கலாம்.

கார்மின் போன்ற ஜிபிஎஸ் கருவிகளின் விலை பற்றரியில் தங்கியிருக்கிறது. முழுதாக சார்ஜ் செய்து, ஓட்டத்தின்போது எத்தனை மணித்தியாலம் நின்றது என்று எழுதுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பதை எழுத வேண்டாம். கொடுப்பதற்கு முன்பு உங்களுடைய கணக்கிலிருந்து கருவியை நீக்கி, உள்ளிருக்கும் ஓட்டப் பதிவுகளையும் அழித்துவிட வேண்டும், அவற்றில் உங்கள் வீட்டு வாசல் வரை பதிவாகியிருக்கும். பம்ப், கரியர், லைட், பூட்டு போன்றவை தேய்வது குறைவு என்பதால் பாதி விலைக்குக் குறையாமல் போகும். பூட்டுக்கு இரண்டு சாவியும் இருக்க வேண்டும்.

விளம்பரமும் பேரமும் கைமாற்றமும்

விளம்பரத்தில் விலையைத் தெளிவாகப் போடுங்கள். “விலைக்கு அழைக்கவும்” என்பது நம்பிக்கையைக் குறைக்கும். கீறலையும் நெளிவையும் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாக் குற்றியை வைத்துப் படமெடுத்தால் அளவு தானாகத் தெரியும். குறைகளைச் சிங்களத்திலும் எழுதிப் போட்டால், வந்து பார்த்து ஏமாந்து திரும்புபவர்கள் குறைவார்கள்.

“அண்ணா, கடைசி விலை என்ன?” என்ற செய்தி சைக்கிளைப் பார்க்காமலே வரும். நேரில் வந்து பார்த்த பிறகு பேசலாம் என்று மரியாதையாகப் பதில் சொன்னால் போதும். நேரில் வந்தவர் நீங்கள் குறிப்பிடாத குறையொன்றைக் கண்டுபிடித்தால் அதற்கான செலவை அங்கேயே குறைப்பது முறை. ஏற்கனவே எழுதிய குறையைக் காட்டி மறுபடி குறைக்கச் சொன்னால், அது விலையில் சேர்ந்துவிட்டது என்று சொல்லலாம். முதல் நாளே பத்துப் பேர் அழைத்தால் விலை தாழ்ந்துவிட்டது என்பது விளங்கும், ஆனால் வருகிறேன் என்று முதலில் உறுதி சொன்னவருக்குச் சொன்ன விலையை மாற்றக்கூடாது. இரண்டு வாரத்தில் ஒருவரும் வரவில்லை என்றால் பத்து சதவீதம் குறையுங்கள். தென்மேற்குப் பருவமழை கொட்டும் மே, ஜூன் மாதங்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

சொந்தக்காரரும் கூட வேலை செய்பவரும் கேட்டால், வெளியாருக்குச் சொல்லும் கணக்கையே காட்டிவிட்டு, விரும்பினால் அதிலிருந்து குறைத்துக் கொடுங்கள். கணக்குக் காட்டாமல் கொடுத்தால், பிறகு ஒவ்வொரு பஞ்சருக்கும் உங்களுக்கு அழைப்பு வரும்.

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்பச் சொல்பவர்கள் நிறைய. வெள்ளவத்தையிலிருந்து போகும் இரவு பஸ்களிலும் ரயில் பார்சலிலும் அனுப்பலாம் என்றாலும், பொதி கட்டும் செலவும் கட்டணமும் யாருடையவை என்பதை விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளுங்கள். “கொழும்பில் வந்து எடுப்பவருக்கு இந்த விலை” என்று விளம்பரத்திலேயே எழுதுவது வசதி.

பற்றுச்சீட்டு பயன்படுவது கைமாற்றும்போதுதான். பெடல் அச்சு செல்லும் இடத்தின் அடிப்புறத்தில் பொதுவாகப் பிறேம் இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இலக்கம், திகதி, தொகை, இருவருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பற்றுச்சீட்டையும் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம். களவுச் சைக்கிள் இல்லை என்பதற்கு அவரிடம் இருக்கப்போகும் ஆதாரம் அதுதான், அதற்காக அவர் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதலாகக் கொடுக்கவும் தயங்கமாட்டார். ஓடிப் பார்க்கக் கொடுக்கும்போது முழுத் தொகையையோ அடையாள அட்டையையோ கையில் வாங்கி வைத்திருங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வருவதாக இருந்தால், அனுப்பியதற்கான படத்தைப் பார்த்து நம்பாமல், உங்களுடைய கணக்கில் தொகை விழுந்ததைப் பார்த்த பிறகு சைக்கிளைக் கொடுத்து, அன்றைக்கே விளம்பரத்தையும் அகற்றிவிடுங்கள்.