அறிவியல் வளாகத்தில் கலைப்படிப்பு: ஏளனத்தை எதிர்கொள்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, மெட்ரிக் எனப்படும் பள்ளியிறுதித் தேர்வில் கணக்கிலும் இயற்பியலிலும் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டால், மருத்துவம், பொறியியல், கணக்காயர் பணி ஆகியவற்றைத் தாண்டி உறவினர் பேச்சு நகர்வதில்லை. அந்தப் பிள்ளை வரலாறோ இதழியலோ படிக்கப் போனால் இரண்டு கேள்விகள் காத்திருக்கும். "வேலை கிடைக்குமா?" என்பது வீட்டார் கேள்வி, "அதில் படிக்க என்ன இருக்கிறது?" என்பது வளாகத் தோழர்களின் கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முயல்வதால்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

வீட்டாருக்கு விவரம் போதும். ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாத குடும்பங்களுக்கான என்எஸ்ஃபாஸ் என்னும் அரசு மாணவர் நிதியுதவி, அரசுப் பல்கலைக்கழகங்களின் அங்கீகரிக்கப்பட்ட கலைப் படிப்புகளுக்கும் உண்டு. பள்ளியில் கற்பிக்கப்படும் பாடங்களை முதலாண்டிலிருந்தே தேர்ந்தெடுத்து வந்தால், பி.ஏ. முடித்தபின் பிஜிசிஇ என்னும் ஓராண்டு ஆசிரியர் பயிற்சிப் படிப்பைப் படித்து ஆசிரியராகலாம். எல்எல்பி சட்டப் படிப்பில் சேரும் வழியும் இருக்கிறது. இவற்றை ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்துவிட்டு, விவாதத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சேருமுன் வளாகத்தையும் விசாரியுங்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் கலைப்புலமும் பொறியியலும் அருகருகே இயங்குகின்றன. வெஸ்ட்வில் வளாகத்திலோ அறிவியல் துறைகளின் கை ஓங்கியிருக்கிறது. எம்.எல். சுல்தான், நேட்டால் ஆகிய இரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் 2002-இல் இணைந்து உருவானது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இன்று அங்கே இதழியலும் நாடகமும் கற்பிக்கப்படுகின்றன.

வளாகக் கேள்விக்குச் சொல்லால் பதிலளிப்பது வீண். "எங்கள் படிப்பும் சிந்தனைத் திறனை வளர்க்கிறது" என்று தற்காப்பாகப் பேசத் தொடங்கினால் பாதி தோற்றாயிற்று. உங்கள் துறை எதைச் சான்றாகக் கொள்கிறது, அதை எப்படிச் சோதிக்கிறது என்பதை ஒரு வேலையைக் காட்டி விளக்குங்கள். டர்பனில் அதற்கேற்ற பொருளுக்குப் பஞ்சமில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் 400 பேருக்கும் மேல் உயிரிழந்தபின், ஆற்றங்கரைக் குடியிருப்புகள் பொறியியல் மாணவர்களுக்கும் ஆய்வுப் பொருளாகத்தக்கவை. நீர் எவ்வளவு உயரும் என்று அவர்கள் கணக்கிடட்டும். மக்கள் ஏன் அங்கே குடியேறினார்கள், எச்சரித்தாலும் ஏன் வெளியேறத் தயங்குகிறார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இராது. உம்கேனி ஆற்றோரத் தாழ்நிலமான டின் டவுனில் வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் 1976 வெள்ளத்தில் வீடிழந்து ஃபீனிக்ஸ் பகுதிக்கு மாற்றப்பட்டன. 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று வரையறுத்திருந்த காலம் அது. ஃபீனிக்ஸில் இருக்கும் தாத்தாக்களிடமும் ஆயாக்களிடமும் தண்ணீர் எந்தச் சுவர்வரை வந்தது என்று கேட்டுப் பதிவு செய்து, அன்றைய செய்தித்தாள்களோடும் நகராட்சி ஆவணங்களோடும் ஒப்பிட்டு, முரண்படும் நினைவுகளை ஏன் ஏற்றீர்கள் அல்லது ஏன் தள்ளினீர்கள் என்று எழுதிக் காட்டினால், உங்கள் துறைக்கும் ஒரு முறைமை உண்டு என்பதைப் பொறியியல் மாணவர் வாதமின்றியே புரிந்துகொள்வார்.

இப்படிப் பொறியியல் மாணவர்களோடு கூட்டு வேலையில் இறங்குமுன் சிலவற்றைப் பேசி முடிவு செய்யுங்கள். நேர்காணலுக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் பருவத் தொடக்கத்திலேயே விண்ணப்பியுங்கள். அறிக்கையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதை முதலிலேயே கேளுங்கள். ஆங்கிலத்தைத் திருத்தித் தரும்படி மட்டும் உங்களை நாடுவோர் உண்டு. நட்புக்காக ஒருமுறை செய்யலாம், அதையே உங்கள் பங்காக ஏற்காதீர்கள்.

நம் பக்கத்துக் குறையும் இருக்கிறது. எண்களைக் கண்டாலே முகம் சுளிக்கும் கலைப்பிரிவு மாணவர், அறிவியலாரின் ஏளனத்துக்குத் தாமே தீனி போடுகிறார். அடிப்படைப் புள்ளியியல் பாடம் ஒன்றை விருப்பப் பாடமாக எடுங்கள். வெள்ள அறிக்கையில் 'நூறாண்டு வெள்ளம்' என்று எழுதியிருந்தால், நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று பொருளல்ல, எந்த ஓராண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே பொருள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

முனைவர் பட்டம்வரை போக நினைப்பவர்கள், 2013-இல் நிறுவப்பட்ட மானுடப் புலங்கள், சமூக அறிவியல்களுக்கான தேசிய நிறுவனம் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குவதை அறிந்திருக்க வேண்டும். மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றை, அந்தக் கூட்டு ஆய்வை மேற்பார்த்த பொறியியல் விரிவுரையாளரிடம், வேலை அவர் நினைவில் இருக்கும்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.