பச்சை இலை போட்ட ஷாம்புவைச் சோதிப்பது எப்படி?

போன மாதம் காரைக்குடிக் கடை ஒன்றில் ‘பாரம்பரியச் சீயக்காய் ஷாம்பு’ வாங்கினேன். புட்டியின் முன்பக்கத்தில் தூண் வைத்த செட்டிநாட்டு வீடு, பச்சை இலை, ‘இயற்கைக்கு உகந்தது’ என்ற முத்திரை. அப்பத்தா மூடியைத் திறந்து முகர்ந்தார். “மல்லிகைப்பூ மணக்கிறது. சீயக்காய் எங்கே ஆத்தா?” என்றார். அதன்பிறகுதான் பின்பக்கத்தைப் படித்தேன்.

முதலில் நீங்களும் புட்டியைத் திருப்புங்கள். எழுத்து பொடியாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். சேர்மானப் பட்டியலில் அதிகம் உள்ளதுதான் முன்னால் வரும். 1 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த எல்லை எங்கே என்று கண்டுபிடிக்க ‘ஃபீனாக்ஸிஎத்தனால்’ என்ற பதனப்பொருளைத் தேடுங்கள். அதை 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆகவே அதற்குப் பின்னால் நிற்பது எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. சீயக்காயின் பெயர் பட்டியலில் ‘அகேசியா கான்சின்னா’ என்று இருக்கும். என் புட்டியில் தண்ணீர், நுரை தரும் சோடியம் லாரெத் சல்ஃபேட், வாசனைப் பொருள், ஃபீனாக்ஸிஎத்தனால் எல்லாம் தாண்டி, கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்கு வந்த பாயசம் போல அது நின்றது.

அடுத்து, முன்பக்கச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள். ‘விலங்குகள்மீது சோதிக்கவில்லை’ என்பதில் பெருமை ஒன்றும் இல்லை. அழகுப் பொருள்களை அப்படிச் சோதிக்க இந்தியாவில் 2014 முதலே தடை. ‘மட்கும்’ என்றால் எது மட்கும்? புட்டியா, உள்ளே இருக்கும் திரவமா? மட்கும் பிளாஸ்டிக் என்றால் ஐஎஸ் 17088 தரக் குறியீடு வேண்டும். அதுகூட உரம் தயாரிக்கும் ஆலையின் சூட்டில் மட்குவதற்கான தரம்தான். நம் கொல்லைக் குழிக்குப் பொருந்தாது.

புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் எண் 1, 2, 5 இவற்றில் ஒன்றாக இருந்தால் பழைய பொருள் வாங்குபவர் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். பல அடுக்குச் சாஷேயை யாரும் தொடமாட்டார்கள். ஊருணிக் கரையைப் பார்த்தாலே தெரியும்.

பொடியாக வாங்கினால் ஒரு கரண்டியைத் தண்ணீரில் கலக்கிப் பாருங்கள். சீயக்காய் மெல்லிய நுரைதான் தரும், பூந்திக்கொட்டை சேர்ந்தால் சற்றுக் கூடும். குவளை வழியப் பொங்கினால் வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். (கண் எரியாத சீயக்காயையும் நான் நம்புவதில்லை.)

சந்தேகம் தீரவில்லையா? நிறுவனத்துக்கே எழுதி ஆதாரம் கேளுங்கள். ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற சொற்களை ஆதாரமில்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. பதில் வராவிட்டால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். எனக்கு வந்த பதிலில் வாழ்த்து இருந்தது, ஆதாரம் இல்லை.

காசு கொடுத்ததாயிற்றே என்று ஷாம்புவைத் தீர்த்துவிட்டேன். காலிப் புட்டியில் அப்பத்தா நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார்.