நடைக்குப் பிறகு ஒரு சிகரட்: அழற்சி விஷயத்தில் நாம் விடும் பிழைகள்

காலை ஆறு மணிக்கு மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரைப் பக்கம் போனால், நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய நிறையப் பேர் வேகமாக நடந்துகொண்டிருப்பார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஏழு மணிக்கு அதே ஆட்களில் சிலரைத் தேத்தண்ணிக் கடை வாசலில் காணலாம். ஒரு கையில் பிளேன்டீ, மற்றக் கையில் சிகரட். நெற்றி வியர்வை இன்னும் காய்ந்திருக்காது. என் மாமாவும் அப்படித்தான். ஒரு நாள் கேட்டேன். "நாலு கிலோமீற்றர் நடந்திட்டன் மகள், இனி ஒண்டு பத்தினா என்ன செய்யும்?" என்றார்.

நாங்கள் விடும் முதல் பிழையும் பெரிய பிழையும் இந்தக் கணக்குத்தான். நடை வரவு, புகை செலவு, இரண்டையும் கழித்தால் சமன் என்று நினைக்கிறோம். உடம்பு அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை.

ஏன் என்று விளங்க, அழற்சி என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். மீன் வெட்டும்போது முள் குத்தினால் அடுத்த நாள் விரல் சிவந்து, வீங்கி, சூடாகி, விண் விண்ணென்று குத்தும். உள்ளே நுழைந்த கிருமியை எதிர்க்க இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே கூடுவதால் வருவது அது. வேலை முடிந்ததும் தானாக அடங்கிவிடும். இது நல்ல அழற்சி. இது இல்லாவிட்டால் ஒரு சின்னக் காயமே ஆளைக் கொன்றுவிடும்.

கெட்டது வேறு. நெல் ஆலைப் பக்கம் உமிக் குவியல் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சுடர் தெரியாது, உள்ளே மட்டும் நாட்கணக்கில் கனன்றுகொண்டு இருக்கும். புகைப்பவரின் உடம்பில் நடப்பதும் அதுதான். ஒவ்வொரு இழுப்பிலும் நுண்ணிய துகள்களும் நச்சு வாயுக்களும் நுரையீரலுக்குள் போகின்றன. அங்கே காவல் நிற்கும் அணுக்கள் அவற்றை எதிரி என்று எடுத்துக்கொண்டு அபாயச் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி இரத்தத்தோடு ஈரலுக்குப் போக, ஈரல் சீஆர்பி என்ற புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரினோஜனும் ஏறுகிறது, வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. இரத்தக் குழாயின் உட்சுவர் மெல்ல மெல்லப் புண்பட்டு, அதில் கொழுப்புப் படிகிறது. இதில் எதுவும் நோகாது. மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வரைக்கும் ஒன்றும் தெரியாது.

நடை செய்வது வேறு வேலை. தசை சுருங்கி விரியும்போது அதுவே சில பொருட்களை இரத்தத்தில் விடுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பென்டே பீடர்சனின் குழு 2003இல் அவற்றுக்கு மயோகைன் என்று பெயர் வைத்தது. அவற்றில் முக்கியமானது இன்டர்லியூகின்-6. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: புகைப்பவரின் உடம்பில் நாள் முழுக்க ஏறி நின்று அழற்சியைத் தூண்டும் அதே பொருள், நடக்கும்போது தசையிலிருந்து கொஞ்ச நேரம் எழுந்து இறங்கினால், அழற்சியை அடக்கும் இன்டர்லியூகின்-10ஐக் கூட்டிக்கொண்டு வருகிறது. அதோடு, தொடர்ந்து நடந்தால் வயிற்றுக்குள் தேங்கும் கொழுப்புக் குறையும். அந்தக் கொழுப்பே அழற்சிச் செய்திகளை அனுப்பும் ஒரு சுரப்பி மாதிரி. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80ம் எல்லை என்று வைத்திருப்பது இதனால்தான்.

சரி, இப்போது மாமாவின் கணக்குக்கு வருவோம். நடை ஒரு பக்கம் தணிக்கிறது. சிகரட் இன்னொரு பக்கம், நுரையீரலிலும் குழாய்ச் சுவரிலும், புதிதாக மூட்டுகிறது. நடையால் அந்த நச்சை வெளியே எடுக்க முடியாது. நடந்த கையோடு பத்துவது இன்னும் மோசம். இதயம் அப்போதும் வேகமாக அடித்துக்கொண்டு ஒட்சிசன் கேட்கிறது. நிகோடின் குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றுகிறது. புகையிலுள்ள காபன்மொனொக்சைட்டு, ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகச் சிவப்பணுவில் ஒட்டிக்கொள்கிறது. இதயத்துக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் வழியை மறிப்பது மாதிரி இது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப பத்துறவன் நடந்து என்ன பிரயோசனம்?" என்று நடையை விடுவதும் பிழைதான். புகைப்பவர் நடந்தால், புகைத்துக்கொண்டே சும்மா இருப்பவரை விட அவருக்கு நல்லது. அதை விடவே வேண்டாம்.

"முந்தி ஒரு பெட்டி, இப்ப ஒரு நாளைக்கு ஒண்டுதான்" என்ற ஆறுதலும் பரவலாக இருக்கிறது. குறைத்தது நல்ல முயற்சி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆபத்து அதே அளவுக்குக் குறையாது. பல ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்து 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கணிப்புப்படி, நாளுக்கு இருபது புகைக்கும் ஆணுக்கு இதய நோய் விஷயத்தில் கூடும் ஆபத்தில் ஏறக்குறையப் பாதி, ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் இருக்கிறது. இருபதில் ஒரு பங்கு இல்லை, பாதி. குழாய்ச் சுவர் மிகக் கொஞ்சப் புகைக்கே கூச்சப்படும் என்பதால் அப்படி. வீட்டுக்குள் ஒருவர் பத்த, பக்கத்தில் இருக்கும் மனைவி பிள்ளைகளுக்கும் இதே காரணத்தால்தான் கேடு. பீடி இலையில் சுற்றியதுதானே என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்.

வெற்றிலை விஷயம் கொஞ்சம் மனக்கஷ்டமானது. எங்கள் பக்கம் வட்டாவில் வெற்றிலை வைத்துக் கொடுப்பது மரியாதை, கலியாணம் ஆகட்டும் சாவீடு ஆகட்டும். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் புகை இல்லாததால் புகையிலை தீங்கு செய்யாது என்று நினைப்பது பிழை. கன்னத்தில் அடக்கி வைக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் பாக்கும் வாயின் தோலை நாள் முழுக்க உரசிப் புண்ணாக்குகின்றன. பாக்குத் தனியாகவே புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. பல் முரசு வீங்கி இரத்தம் கசிந்தால் அதுவும் அழற்சிதான், வாயோடு நிற்காமல் இரத்தத்தில் கலக்கும் அழற்சி. வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போனாலோ, வெள்ளைத் திட்டு அல்லது ஆறாத புண் இருந்தாலோ பல் டொக்டரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

இனி உடற்பயிற்சி பக்கத்துப் பிழைகள். வருஷத்துக்கு ஒரு தடவை கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய், வழியில் உகந்தை முருகன் கோயிலில் கும்பிட்டு, காட்டுவழியே நடந்து வருபவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். அந்த நடை பெரிய நடை. ஆனால் திரும்பி வந்து பதினொரு மாதம் கடைக் கதிரையில் இருந்தால், உடம்பு பெற்ற பலன் சில கிழமைகளிலேயே கரைந்துவிடும். மாதக்கணக்கில் நடக்காமல் இருந்து, திடீரென்று ஒரே மூச்சில் ஓடினால் அழற்சி அன்றைக்குக் கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான நடை போன்ற பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசையைப் பலப்படுத்தும் வேலை. ஒரு நாளைக்கு அரை மணி, கிழமைக்கு ஐந்து நாள் என்றாலே 150 வந்துவிடும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற வேகம் போதும். வயலில் வரம்பு வெட்டுபவருக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஓட்டோ ஓட்டுபவருக்கும் கந்தோரில் இருப்பவருக்கும்தான் சொல்கிறேன்.

வலியை வைத்து அழற்சியை அளப்பது அடுத்த பிழை. 2006 கடைசியில் சிக்குன்குனியா வந்தபோது மூட்டு மடக்க முடியாமல் கிடந்த அனுபவம் இங்கே பலருக்கு இருக்கிறது. அதனால் அழற்சி என்றால் நோகும், நோகாவிட்டால் இல்லை என்று மனதில் பதிந்துவிட்டது. மூட்டு நொந்தால் பாமசியில் வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுகிறோம். அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புகைத்த கனலை அணைக்காது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் வரும் வாய்ப்பைப் புகை கூட்டுகிறது. வந்தவருக்கு மருந்து சரியாக வேலை செய்யவும் விடாது. காலையில் விரல் மூட்டுகள் நீண்ட நேரம் விறைத்துப் போயிருந்தால் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள்.

அழற்சியின் அளவைக் காட்டும் சீஆர்பி இரத்தச் சோதனையை அவசரமாகச் செய்து பயப்படுபவர்களும் உண்டு. நுட்பமான சோதனையில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதய ஆபத்துக் குறைவு, 3க்கு மேலே கூடுதல். 10ஐத் தாண்டினால் அநேகமாகக் காய்ச்சலோ கிருமித் தொற்றோதான் காரணம். தடிமனோடும், கடும் பயிற்சி செய்த அடுத்த நாளும் எடுத்த ரிப்போட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

விட்டவர்களுக்கு ஒன்று. சிகரட்டை விட்டு மூன்று மாதத்தில் சோதனை செய்து, இலக்கம் இறங்கவில்லை என்று மனம் உடைவார்கள். வெள்ளை அணுக்கள் கிழமைக் கணக்கில் குறையலாம், சீஆர்பி முழுதாக இறங்கப் பல வருஷம் எடுக்கும். நிறை நாலைந்து கிலோ கூடவும் கூடும், அதற்குப் பயந்து மறுபடி பத்த வேண்டாம். விட்டதன் பலன் அந்தக் கிலோக்களை விடப் பெரியது. இலங்கையில் 1948 என்ற இலவச தொலைபேசி இலக்கத்தில் விடுவதற்கு ஆலோசனை கிடைக்கும். ஆசை எழும்போது பத்து நிமிடம் விறுவிறென்று நடந்தால் அது கொஞ்ச நேரத்துக்காவது தணியும். நடையும் புகையும் உண்மையில் சந்திக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

மாமாவும் சிகரட்டை நிறுத்தப் பார்க்கிறார். அவருக்குச் சிகரட் ஆசையிலும் பார்க்க அந்தக் கடை வாசலைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. அதனால் இப்போது நடந்து முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருகிறார், மாமி ஊற்றும் தேத்தண்ணியைத் திண்ணையில் இருந்து குடிக்கிறார். போன கிழமை ஒரு சாவீட்டில் ஒன்று பத்திவிட்டார். "எல்லாம் போச்சு மகள்" என்று முகம் கறுத்துப்போய் வந்து சொன்னார். "போகல்ல மாமா, நாளைக்குக் காலம்பற நடக்கப் போங்க" என்றேன். அடுத்த நாள் ஆறு மணிக்கு அவரைப் பாலத்தடியில் கண்டேன்.