காரணம் கேட்டே கெட்டேன்: படித்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு தம்பியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெங்களூர் வேலையை விட்டு ஊருக்கு வந்தவன், கையில் லேப்டாப், அதில் செடிக்கு இத்தனை லிட்டர் என்று அட்டவணை. களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா ஏதோ சொல்லப்போக, "ஏன்? காரணம் சொல்லுங்க" என்று மடக்கினான். நான் ஒரு காலத்தில் கேட்ட அதே கேள்வி, அதே தோரணை. படிப்போடு அனுபவமும் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விடுங்கள்.

காரணம் சொல்லத் தெரியாதவருக்கு விஷயமே தெரியாது என்று நினைப்பது

என் காசைத் தின்றது இதுதான். அரை ஏக்கரில் இலவம்பாடி முள்ளுக் கத்தரி போட்டிருந்தேன் (2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதேதான், காம்பில் மட்டுமல்ல, இலையிலும் முள் குத்தும்). வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டுமா, மதியம் ஒரு மணிக்கு இலையெல்லாம் துவண்டு தொங்கின. மோட்டார் போடப் போனேன். வேலைக்கு வந்திருந்த ஆயா, "வேணாம் நைனா, சாயந்தரம் வந்து பாரு, தானா நிமிந்துக்கும்" என்றார். எப்படிச் சொல்றீங்க என்றேன். "அது அப்டித்தான்."

எம்.எஸ்சி. படித்தவனிடம் சொல்கிற பதிலா இது? பாய்ச்சினேன். மறுநாளும் துவண்டது, மறுபடியும் பாய்ச்சினேன். களிமண் நிலம், தண்ணீர் தேங்கி, காற்றில்லாமல் வேர் அழுகிவிட்டது. அழுகின வேரால் ஈரம் இருந்தும் உறிஞ்ச முடியாது, அதனால் செடி இன்னும் துவளும், நான் இன்னும் பாய்ச்சினேன். பாதிக்கு மேல் போய்விட்டது. உச்சி வெயிலில் இலை வெளிவிடுகிற நீருக்கு வேர் ஈடுகொடுக்க முடியாமல் கொஞ்ச நேரம் துவளும், வெயில் தாழ்ந்தால் தேறிவிடும் என்று அப்புறம்தான் படித்தேன். ஆயா சொன்னதும் அதைத்தானே? 'நீராவிப்போக்கு' என்ற சொல் மட்டும் அவரிடம் இல்லை. போன காசுகூட மறந்துவிட்டது, "எப்படிச் சொல்றீங்க" என்று நான் கேட்ட அந்தத் தொனியை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிகிறது.

யோசித்து முடித்த பிறகுதான் கை வைப்பேன் என்பது

கில்பர்ட் ரைல் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1949இலேயே இதை மடக்கிவிட்டார்: உருப்படியான ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் ஒரு யோசனை வேண்டுமென்றால், யோசிப்பதும் ஒரு செயல்தானே, அதற்கு முன்னால் இன்னொரு யோசனை வேண்டாமா? நாம் இதற்கு விடை தேடி முடிப்பதற்குள் ஆம்பூரில் தம் உடைத்து பிரியாணி பரிமாற ஆரம்பித்திருப்பார்கள்.

வீட்டுச் சண்டையில் தர்க்கத்தால் ஜெயிப்பது

ஜெயிக்கலாம். சோறு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

துக்க வீட்டில் விளக்கம் சொல்வது

வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு, பெரியவர்கள் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று கிளம்புவது

அதே ஆயா பூச்சிமருந்தை அளக்காமல் கண்ணளவாகத்தான் ஊற்றுவார், முகத்தில் ஒரு துணிகூடக் கட்டமாட்டார். அங்கே டப்பாவில் அச்சடித்திருக்கிற அளவுதான் சரி. அதை வாசித்துக் காட்டினால், "நீ இன்னாத்த கண்ட" என்று திட்டு விழும். இப்போது மருந்து கலக்குவது நான், மோட்டார் சுவிட்ச் அவர் பொறுப்பு.