லீஃப்நோடு வழியாகச் செய்திக்குழுக் கட்டுரைகளை இறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரி 22ஆம் தேதியோடு யூஸ்நெட் என்ற உரையாடல் வலையின் செய்திக்குழுக்களைக் கைவிட்ட பிறகு, பிரவுசரிலேயே படித்துப் பழகியவர்கள் பலர் அந்தக் கட்டுரைகளை என்என்டிபி என்ற முறையில் வழங்கும் சர்வர்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. தண்டர்பேர்டு போன்ற படிப்பானை, அதாவது படிக்கும் மென்பொருளை, சர்வரோடு நேரடியாக இணைத்துப் படிப்பவருக்குச் சிக்கல் அதிகமில்லை. இடையில் லீஃப்நோடு என்ற சிறு சர்வர் மென்பொருளை வைத்து, கட்டுரைகளை வீட்டுக் கணினிக்கே இறக்கி வைத்து, இணையம் இல்லாத நேரத்திலும் படிக்க நினைப்பவர்தான் தடுமாறுகிறார். அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் அது அன்றைக்கே தெரிந்துவிடும். லீஃப்நோடு எவற்றை நினைவில் வைத்துக்கொள்கிறது, அந்த நினைவு எந்தக் கோப்பில் இருக்கிறது என்பது தெரியாமல் செய்யும் தவறுகளோ நாள்கணக்கில் அலைக்கழிக்கும்.

முதல் தவறு நானே செய்தது. சர்வர் பெயர், கணக்கின் பெயர், கடவுச்சொல் எல்லாவற்றையும் எழுதி, கட்டுரைகளைக் கொண்டுவரும் ஃபெட்ச்நியூஸ் நிரலை ஓட்டினேன். குழுக்களின் பட்டியல் முழுதாக வந்து சேர்ந்தது. கட்டுரை ஒன்றுகூட வரவில்லை. இரண்டு நாள் அமைப்புக் கோப்பைத் திருத்தித் திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தேன். கோப்பில் குறையே இல்லை. எந்தக் குழுவின் கட்டுரைகள் வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் எழுதும் வழக்கம் லீஃப்நோடுக்குக் கிடையாது. யாராவது படிக்கும் குழுவை மட்டுமே அது இறக்கும். படிப்பானில் ஒரு குழுவை, உதாரணமாக சாக்.கல்ச்சர்.தமிழ் குழுவை, முதன்முதலாகத் திறந்தால் அதில் ஒரே ஒரு போலிக் கட்டுரை இருக்கும். அதைத் திறந்து படித்தால்தான் அந்தக் குழுவின் பெயரில் லீஃப்நோடு எல்லாவற்றையும் சேமிக்கும் ஸ்பூல் அடைவின் 'இன்ட்ரஸ்டிங்.குரூப்ஸ்' பகுதியில் ஒரு சிறு கோப்பு உருவாகும். அடுத்த முறை ஃபெட்ச்நியூஸ் ஓடும்போதுதான் உண்மையான கட்டுரைகள் வரும். பட்டியலில் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, போலிக் கட்டுரையை 'ஏதோ பிழைச் செய்தி' என்று தள்ளிவிட்டவருக்குக் கடைசிவரை ஒன்றும் வராது.

இதே வழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்த குழுவை 2 நாளிலும், வழக்கமாகப் படித்துவந்த குழுவை 7 நாளிலும் லீஃப்நோடு கைவிட்டுவிடும். இவை அதன் இயல்பான அளவுகள். பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர், நிரல்களைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கிரான் மணிக்கு மணி சரியாக ஓடியும் குழுக்கள் காலியாக இருப்பதைப் பார்த்து சர்வர்க்காரர்களைக் குறை சொல்வது இதனால்தான். 'டைம்அவுட்_லாங்' என்ற வரியில் 30 என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது, கட்டுரை எண்களைப் பற்றிய தவறான எண்ணம். ஒரு கட்டுரையின் அடையாளக் குறியான மெசேஜ் ஐடி உலகம் முழுவதும் ஒன்றுதான். அதன் வரிசை எண்ணோ ஒவ்வொரு சர்வரும் தனக்கென இட்டுக்கொள்வது. டெல்நெட் என்ற நிரல் மூலம் என்என்டிபிக்குரிய 119ஆம் போர்ட்டில் சர்வரோடு பேசி, 'குரூப்' என்ற கட்டளையோடு குழுவின் பெயரைக் கொடுத்தால், '211 1840 50211 52050' என்பது போன்ற ஒரு வரி விடையாக வரும். 211 என்பது குழு கிடைத்தது என்பதற்கான குறி. 1840 என்பது கட்டுரைகளின் தோராய எண்ணிக்கை. மற்ற இரண்டும் அந்தச் சர்வரில் உள்ள முதல் எண்ணும் கடைசி எண்ணும். குழு அங்கே இல்லையென்றால் 411 வரும். முதலில் உள்நுழைய வேண்டுமென்றால் 480 வரும். கடவுச்சொல் தவறென்றால் 481. அமைப்புக் கோப்பில் கை வைப்பதற்கு முன் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்துவிட்டால் பாதி ஐயம் நீங்கிவிடும்.

எந்தக் குழுவில் எந்த எண்வரை பார்த்தாயிற்று என்பதை ஃபெட்ச்நியூஸ் 'லீஃப்.நோடு' அடைவுக்குள் சர்வரின் பெயராலேயே ஒரு கோப்பில் குறித்துவைக்கிறது. வேறு சர்வருக்கு மாறும்போது, பழைய கோப்புக்குப் புதுப் பெயர் சூட்டிவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று நினைப்பவர் உண்டு. புதிய சர்வரின் எண்கள் சிறியவையாக இருந்தால் நிகழ்வுப் பதிவான லாகில் எச்சரிக்கையாவது வரும். பெரியவையாக இருந்தால் எச்சரிக்கை ஏதும் இராது. குறித்துவைத்த எண்ணுக்குப் பிந்தியவை அனைத்தும் புதியவை என்று மென்பொருள் நம்பிவிடும். புதிய சர்வருக்குப் புதிய கோப்பு தானாக உருவாகட்டும் என்று விட்டுவிடுவதே நல்லது. ஏற்கெனவே நம்மிடம் உள்ள கட்டுரைகளை மெசேஜ் ஐடி கொண்டு அடையாளம் கண்டு அது தவிர்த்துவிடும். சர்வர் மாறியபின் ஃபெட்ச்நியூஸை எஃப் தெரிவோடு ஒருமுறை ஓட்டிக் குழுப்பட்டியலைப் புதுப்பிக்கவும் மறக்கக் கூடாது. இல்லையெனில் 90 நாள் தவணை வரும்வரை பழைய பட்டியலே இருக்கும்.

கடவுச்சொல் வரிகளின் இடம் பற்றி ஒரு சொல். கணக்கின் பெயர், கடவுச்சொல், போர்ட் ஆகிய வரிகள் தமக்கு மேலே உள்ள சர்வர் வரியைச் சேர்ந்தவை. இரண்டு சர்வர்களை எழுதிவிட்டு அவற்றுக்கு அடியில் ஒரே ஒரு கடவுச்சொல்லை எழுதினால், அது இரண்டாவது சர்வருக்கு மட்டுமே போகும். கடவுச்சொல் உள்ள கோப்பை எல்லோரும் படிக்கும்படி விடுவது ஒரு தவறு. பதறிப்போய் ரூட் என்ற நிர்வாகி மட்டுமே படிக்கும்படி அனுமதி எண்ணை 600 என்று வைத்துப் பூட்டுவது இன்னொரு தவறு, ஏனெனில் லீஃப்நோடு 'நியூஸ்' என்ற பயனர் பெயரில் ஓடுகிறது. உரிமையாளர் ரூட், பயனர் குழு நியூஸ், அனுமதி 640 என்று வைத்தால் போதும்.

மறையாக்கப்பட்ட இணைப்பு வேண்டுமென்று போர்ட் வரியில் அதற்குரிய 563 என்று மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். லீஃப்நோடின் முதலாம் வரிசைப் பதிப்புகளுக்கு டிஎல்எஸ் என்ற மறையாக்க முறை தெரியாது. என்என்டிபி முறைப்படி, இணைப்புக் கிடைத்தவுடன் சர்வர்தான் முதலில் 200 அல்லது 201 என்று வாய் திறக்க வேண்டும். டிஎல்எஸ் முறைப்படியோ இணைய வந்தவர்தான் முதலில் பேச வேண்டும். ஆகவே 563ஆம் போர்ட்டில் இருவரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்து, காலக்கெடு முடிந்ததும் இணைப்பு அறுந்துபோகிறது. லாகில் 'டைம்அவுட்' என்று மட்டும் இருப்பதால், நெட்வொர்க் பழுது என்று நினைத்து ரவுட்டரை அணைத்துப் போடுகிறவர்களும் உண்டு.

இதற்கு எஸ்டனல் என்ற இடைநிரல் வேண்டும். அது நம் கணினியிலேயே, எடுத்துக்காட்டாக 11119ஆம் போர்ட்டில் லீஃப்நோடின் பேச்சைக் கேட்டு, அதை மறையாக்கம் செய்து தொலைசர்வரின் 563க்கு அனுப்பும். இதிலும் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. எஸ்டனல் இயல்பாகச் சர்வர் முறையில்தான் ஓடும் என்பதால், 'கிளையன்ட்' என்ற வரியில் 'எஸ்' என்று எழுதாவிட்டால் இரு பக்கமும் மறுபடி முழிக்கும். மேலும், எதிரிலிருப்பவரின் சான்றிதழை அது தானாகச் சரிபார்ப்பதில்லை. 'வெரிஃபைசெயின்', 'செக்ஹோஸ்ட்' ஆகிய வரிகளைச் சேர்க்காவிட்டால், மறையாக்கம் இருக்குமே தவிர யாரோடு பேசுகிறோம் என்பதற்கு உறுதி இராது. லீஃப்நோடின் கண்ணுக்கு இப்போது சர்வரின் பெயர் 127.0.0.1 என்று மாறிவிட்டதால், முன்பு சொன்ன எண் குறிப்புக் கோப்பும் புதிதாகத் தொடங்கும். முதல் நாள் இறக்கம் பெரிதாக இருந்தால் மலைக்க வேண்டாம்.

அளவு வரிகளில் பலரையும் ஏமாற்றுவது 'மேக்ஸ்ஃபெட்ச்'. ஒரு குழுவிலிருந்து ஒரு முறைக்கு 100 கட்டுரைகள் என்று எழுதினால் மீதி அடுத்த முறை வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி வராது; அந்த அளவுக்கு மேற்பட்ட பழைய கட்டுரைகள் விடுபட்டவை விடுபட்டவைதான், எண் குறிப்பு அவற்றைத் தாண்டிப் போய்விடும். முதல்முறை வெள்ளத்தைத் தடுக்க 'இனிஷியல்ஃபெட்ச்' என்ற தனி வரி இருக்கும்போது, மேக்ஸ்ஃபெட்சைக் குறைத்துவைக்க வேண்டிய தேவையே இல்லை. எத்தனை நாள் பழைய கட்டுரைவரை இறக்கலாம் என்று சொல்லும் 'மேக்ஸ்ஏஜ்' அளவை, எத்தனை நாள் வைத்திருப்பது என்று சொல்லும் 'எக்ஸ்பயர்' நாள்களுக்கு மேல் வைப்பதிலும் பொருளில்லை.

பழையவற்றைக் களையும் வேலையை டெக்ஸ்பயர் என்ற தனி நிரல் செய்கிறது. ஃபெட்ச்நியூஸுக்குக் கிரான் வரி எழுதியவர் இதற்கும் ஒரு வரி, இரவு நேரத்தில், எழுத வேண்டும். எழுதாவிட்டால் வட்டில் இடம் தீர்வதற்கு முன்பே ஐநோடுகள், அதாவது கோப்புக்கு ஒன்றாக வேண்டிய பதிவிடங்கள், தீர்ந்துவிடக்கூடும், ஏனெனில் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு தனிக் கோப்பு. 'இடம் இல்லை' என்ற பிழை வரும்போது டிஎஃப் கட்டளையை ஐ தெரிவோடு ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரே கட்டுரை குழுவின் அடைவிலும் 'மெசேஜ்.ஐடி' அடைவிலும் ஹார்டு லிங்க்காக, அதாவது ஒரே கோப்பின் இரண்டு பெயர்களாக, இருக்கிறது. எனவே ஸ்பூலை இரண்டு பார்ட்டிஷன்களில் பிரித்துவைக்க முடியாது. புதிய வட்டுக்கு மாற்றும்போது நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலைப் பெரிய எச் தெரிவு இல்லாமல் ஓட்டினால் ஒவ்வொரு கட்டுரையும் இரண்டு தனிப் பிரதிகளாகப் பெருகும்.

நாம் எழுதி அனுப்புவது 'அவுட்.கோயிங்' அடைவில் காத்திருந்து, அடுத்த ஃபெட்ச்நியூஸ் ஓட்டத்தில்தான் வெளியேறும். கணினியின் முழுப்பெயர் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே இருந்தால் மெசேஜ் ஐடி தனித்தன்மையுடையதாக அமையாது என்பதால், லீஃப்நோடு அந்தப் பெயரை ஏற்காது. நமக்கு உரிமையுள்ள டொமைன் பெயரை 'ஹோஸ்ட்நேம்' வரியில் எழுத வேண்டும். தொலைசர்வர் மறுத்துவிட்டால் கட்டுரை 'ஃபெயில்டு.போஸ்டிங்ஸ்' அடைவுக்குப் போய்விடும், படிப்பானோ அனுப்பியாயிற்று என்றே காட்டிக்கொண்டிருக்கும். புதிதாக அமைத்த முதல் வாரத்தில், அனுப்பிய ஒவ்வொரு முறையும் அந்த அடைவைத் திறந்து பார்ப்பது நல்லது.