கொடைக்கானல் போகிறீர்களா? வண்டி வருவதற்குள் நடந்துவிடுங்கள்

கொடைக்கானலில் மூன்று நாள் தங்கிவிட்டுக் கால் வலிக்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். காலையில் வண்டி வந்துவிடும், ஒவ்வொரு வியூ பாயின்ட்டாக இறங்கிப் போட்டோ எடுத்து, மிளகாய்த்தூள் தடவிய சோளம் தின்று, மறுபடி ஏறி உட்காருவதிலேயே பொழுது போய்விடும். இத்தனைக்கும் நடப்பதற்கென்றே அமைந்த ஊர் அது. அதனால் இந்தத் திட்டத்தின் அடிப்படை ஒன்றுதான்: வண்டி வருவதற்கு முன்பே அன்றைய நடையை முடித்துவிடுங்கள். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் கட்டாயம் விட்டுப்போகும்.

படி 1: கிளம்பும் முன்

காலுக்குப் பழகிய ஷூவையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுசுதான் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்பே வாங்கிப் போட்டு நடந்து பாருங்கள், இல்லையென்றால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வந்து மிச்ச நாளெல்லாம் அறையில்தான். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில். சின்ன பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே தடை உண்டு.

படி 2: பயணத்தில்

டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் ஐந்து நிமிடம் நடங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி இருபது தடவை தூக்கி இறக்கலாம். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஆரம்பித்ததும் இதையெல்லாம் விட்டுவிட்டு நேராக முன்னால் பார்த்து உட்காருங்கள், தலைசுற்றல் குறையும்.

படி 3: முதல் நாள், கோக்கர்ஸ் வாக்

ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். அன்றைக்கு கோக்கர்ஸ் வாக் மட்டும் போங்கள். 1872இல் மலை விளிம்பை ஒட்டிப் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர்தான், வயதானவர்களும் கூட வரலாம்.

படி 4: இரண்டாம் நாள் முதல், ஏரி

இதுதான் முக்கியமானது. ஏரியைச் சுற்றிய சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி இது. நட்சத்திரம் மாதிரி கிளை பிரிந்து கிடப்பதால் பாதையும் வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் வேறு மாதிரி தெரிவதால் நடக்கிற அலுப்பே தெரியாது. விடிந்ததும் போட் ஹவுஸ் பக்கத்திலிருந்து தொடங்குங்கள், ஒன்பது மணிக்கு மேல் வண்டி நெரிசலில் அந்த சுகம் இருக்காது.

பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். பழக்கமில்லாதவர்கள் ஒரே திசையில் பதினைந்து நிமிடம் போய்த் திரும்பிவிடுங்கள். பாதி சுற்று தாண்டிவிட்டால் திரும்பினாலும் தூரம், தொடர்ந்தாலும் தூரம். மறுநாள் முழுச் சுற்று போகலாம், ஒரு மணி நேரம் ஆகும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று காலை சுற்றினாலே அதைத் தாண்டிவிடுவீர்கள்!

நடக்கப் பிடிக்காதவர்களுக்கு ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் கிடைக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழ் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக இருக்க வேண்டும். மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் வலிக்கும். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

படி 5: மழை பிடித்துக்கொண்டால்

அறையிலேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றிய புஷ்-அப் 10, குதிகால் உயர்த்துவது 15. மூன்று சுற்று போதும். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை மறக்காதீர்கள்.

படி 6: கடைசியாக டால்பின் நோஸ்

டால்பின் நோஸ் என்பது பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. பக்கத்து ஊரான வட்டக்கானலிலிருந்து அதற்கு இறங்கும் பாதையை ஊர் திரும்புவதற்கு முந்தைய நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது இறக்கம் என்பதால் சுலபமாகத் தெரியும், அதே தூரம் ஏறித்தான் வர வேண்டும். மரவேர்கள் குறுக்கே கிடக்கும், மழை பெய்திருந்தால் வழுக்கும், அன்றைக்குப் போகவே வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிடுவது நல்லது. மறுநாள் தொடை இறுகிப்போயிருக்கும், அது சகஜம்தான். அதற்காகப் படுத்தே கிடக்காமல், ஊர் திரும்பும் வண்டி ஏறுவதற்கு முன் ஏரிக்கரையில் மெதுவாக இருபது நிமிடம் நடந்தால் இறுக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.